ஒரிஜினல் அங்கிளும் ஓர் ஒரிஜினல் டூப்ளிகேட்டும்

வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள் யாராவது மாதா சுரூபம் வாங்கி வந்து கொடுத்தால், ஒரிஜினல் அங்கிள் முதலில் அதைக் கவிழ்த்து, அடியில் எந்த ஊரில் செய்தது என்று போட்டிருக்கிறதா பார்ப்பார். அப்புறம் நகத்தால் ஒரு சுரண்டல். அப்புறம் விரலால் சுண்டி ஓசை கேட்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். இந்தப் பெங்களூரில் அவரை மிஞ்சிய சந்தேகப் பிராணி இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்காமல் அவர் விடப்போவதில்லை.

நாங்கள் இப்போது சந்தாபுராவில் இருக்கிறோம். அதற்கு முன்னால் லிங்கராஜபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். எங்கள் கதவைத் திறந்தால் நேர் எதிரே அவர் கதவு. அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் காலமெல்லாம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற உதிரி பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு கொடுத்தபோது முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். பூதக்கண்ணாடி சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. எதைக் காட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இது ஒரிஜினலா?" என்பதுதான். அதுவே பெயராகிவிட்டது. வாசலில் அவருடைய சொந்தப் பெயர் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே ஒரு நாள் ட்ராஃபிக் போலீஸ்காரர் அவருடைய ஸ்கூட்டரை நிறுத்தி வண்டிப் பேப்பரைக் கேட்டார். அங்கிள் இறங்கி, "ஸ்வாமி, மொதலு நிம்ம ஐடி கார்டு தோர்ஸி" என்றார். ஐடி கார்டைக் காட்டச் சொன்னதும் போலீஸ்காரருக்கு வந்த கோபத்தில் ஸ்கூட்டர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அங்கிள் அதன் பின்னாலேயே நடந்து போனார். வண்டியை மீட்க அல்ல, அது உண்மையிலேயே ஸ்டேஷன்தானா என்று பார்க்க.

புதிதாக வந்திருந்த உதவிப் பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வந்தபோது அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போன் போட்டார். "வெள்ள அங்கி போட்டுக்குனு ஒருத்தரு வந்திருக்காரு. நம்ம ஆளுதானா?" பாவம், அந்த இளம் ஃபாதர் தீர்த்தச் செம்போடு மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர் மனைவி ஃபிலோமினா ஆன்ட்டி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். "எங்க கல்யாணத்துல மோதிரத்த என் கையில போடுறதுக்கு முன்னாடி, ஃபாதர் எதிர்லயே அதக் கடிச்சிப் பாத்தாரும்மா. என்னயும் கடிச்சிப் பாக்காம வுட்டாரே, அதுவே பெருசு."

துபாயில் இருக்கும் மகன் போன் செய்தால் அதற்கும் சோதனை உண்டு. "இப்பல்லாம் உன் கொரல்லயே பேசுறதுக்கு மெஷின் வந்துட்ச்சாம். சின்ன வயசுல படியிலேருந்து வுழுந்தியே, எந்த முட்டியில அடி? சொல்லு பாக்கலாம்." மகன் வலது என்றான். அங்கிள் இடது என்று சொல்லி போனை வைத்துவிட்டார். பிறகு ஆன்ட்டி பழைய போட்டோவைத் தேடி எடுத்தார். வலது முட்டியில்தான் கட்டு. அங்கிள் அதையும் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போட்டோவயெல்லாம் நம்ப முடியாது."

இப்படிப்பட்டவரை எதிர்வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஒரு படம் வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் கூடத்தில் ஒரு பெரிய சுவர் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தது. எங்கள் கல்யாண போட்டோவைப் பெரிதாக்கி மாட்டச் சொன்னார் மாமியார். என் கணவர் பிரபு, ப்ளக்கைச் சொருகினால் தண்ணீர் ஓடுவது போலத் தெரியுமே, அந்த அருவிப் படம் வேண்டும் என்றார். அவர் எலக்ட்ரானிக் சிட்டிக்குக் காலை இருட்டில் போய் ராத்திரி இருட்டில் வருகிறவர். பகலெல்லாம் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டு அந்தச் சுவரைப் பார்க்கிறவள் நான். எனக்கு பாப் ஆர்ட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். விளம்பரப் பலகையிலும் காமிக்ஸ் புத்தகத்திலும் வருகிற மாதிரி பளிச்சென்ற நிறம், தடித்த கறுப்புக் கோடு, முகமெல்லாம் புள்ளி புள்ளியாய். பார்த்தாலே உற்சாகம் வரும்.

இதை நான் போனில் என் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தது திறந்திருந்த கதவு வழியாக எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நிமிஷம் அங்கிள் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"படமா? தனியாப் போவாத. நானும் வர்றேன்."

இந்திராநகர்ப் பக்கம் ஒரு கடை. உள்ளே காப்பி வாசனையும் வார்னிஷ் வாசனையும் கலந்து வந்தன. தலையில் உச்சிக்கொண்டை போட்ட ஒரு தம்பி எங்களை வரவேற்றார். நான் உள்ளே நுழைந்ததுமே ஒரு படத்தில் விழுந்துவிட்டேன். வான நீலப் பின்னணி. மஞ்சள் முடிக்காரி ஒருத்தி அந்தக் காலத்து டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிவப்பு நகப்பூச்சு. கன்னமெல்லாம் ரோஜா நிறப் புள்ளிகள். கறுப்புச் சட்டம்.

"மியூசியம் குவாலிட்டி மேடம்" என்றார் கொண்டைத் தம்பி.

"எந்த மியூசியம்? நம்ம கப்பன் பார்க் பக்கத்துல இருக்கே, அதா?" அங்கிள் ஆரம்பித்துவிட்டார்.

"இல்ல சார். அது பேப்பரோட, இங்க்கோட தரம். நூறு வருஷம் ஆனாலும் கலர் போவாது."

"நூறாவது வருஷம் போயிட்ச்சுன்னா எங்க வந்து கேக்குறது? நீ இருப்பியா?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, இது ஒரிஜினலா?"

"ரீப்ரொடக்‌ஷன் சார்."

"அப்டின்னா டூப்ளிகேட்."

"அய்யோ, இல்ல சார். ஆதென்டிக் ரீப்ரொடக்‌ஷன்."

"அதாவது, ஒரிஜினல் டூப்ளிகேட்டு."

"கரெக்ட் சார்!"

"அப்போ டூப்ளிகேட் டூப்ளிகேட்டும் விக்கிறாங்களா?"

"ரோட்டோரத்துல நெறைய சார்."

"இது அது இல்லன்னு எப்டி நம்புறது?"

தம்பி தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது குரலில் கொஞ்சம் தெம்பு சேர்த்துக்கொண்டு, இதன் ஒரிஜினல் அமெரிக்காவில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது என்றார்.

"நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"பாத்தவங்க யாரையாவது பாத்தியா?"

இதற்கு மேல் விட்டால் தம்பி அழுதுவிடுவார் என்று பயந்து நான் கார்டை நீட்டிப் படத்தை வாங்கிவிட்டேன். ஆட்டோவில் திரும்பும்போது அங்கிள் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டடத்தின் கேட் வந்ததும் சொன்னார்: "அவன் கண்ணு சரியில்ல."

படம் வந்து சுவரில் ஏறியது. வெள்ளைச் சுவர் திடீரென்று பேச ஆரம்பித்தது மாதிரி இருந்தது. மாட்டிய ஆட்கள் படியிறங்குவதற்குள் அங்கிள் வந்துவிட்டார். சட்டத்தைச் சுரண்டினார். மரம்தான். முகத்தில் ஏமாற்றம். முன்பக்கத்தை விரலால் சுண்டிப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். "கண்ணாடியே இல்லியே இது!"

"அக்ரிலிக் அங்கிள். இப்ப எல்லாரும் அதான் போடுறாங்க. உடையாது."

"கண்ணாடியும் டூப்ளிகேட்டு" என்றார், ஆழ்ந்த திருப்தியோடு.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தட்டப்படும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒரு நாள் புள்ளிகள். ஒரு நாள் ஓரங்கள். ஒரு நாள் படத்தைக் கழற்றச் சொல்லிப் பின்பக்கத்து அட்டையை மோந்து பார்த்தார். நடுவில் நான் காப்பி கொடுப்பேன். அதில் எவ்வளவு சிக்கரி என்று விசாரித்துவிட்டுக் குடிப்பார். போகும்போது, "தப்பு இன்னும் மாட்டல. ஆனா மாட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி வியாதி. அதை நான் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை, "நீங்க எப்பவும் வர்றவர் இல்லையே" என்று நிறுத்தி விசாரித்தேன். எப்போதும் வருகிறவர்தான், மீசையை எடுத்திருந்தார். பிரபு லேட்டாக வந்தால் சட்டையை மோந்து பார்த்தேன். அவரும் சும்மா இருக்கவில்லை.

"அந்த ஆளு தெனமும் எதுக்கு வர்றாரு?"

"படம் பாக்க."

"ஒரு படத்த எவ்ளோ நாள் பாக்க முடியும்? வீட்டைத்தான் நோட்டம் விடுறாரோ?"

எனக்கும் லேசாக உதைத்தது. ஒருவேளை படத்தின் மேல் அவருக்கு ஆசையோ? நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று யாரிடமாவது பேசி வைத்திருக்கிறாரோ? அவர் உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து ஒரு கண்ணை அவர் மேல் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு கண்ணைப் படத்தின் மேல் வைத்திருந்தார். எங்கள் இருவர் மேலும் எதிர்வீட்டுக் கதவிடுக்கிலிருந்து இன்னொரு கண் இருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் ஃபிலோமினா ஆன்ட்டி தட்டில் வடையோடு உள்ளே வந்தார். கதவைத் தட்டவில்லை. வடையைக் கொடுக்கிற முகமும் இல்லை அது.

"நாலு மணியானா மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டயா மாட்டிக்குனு இங்க வந்துடுறீங்களே. எவ அவ?"

அங்கிள் பூதக்கண்ணாடியோடு திரும்பினார். கண்ணாடிக்குள் அவருடைய ஒரு கண் மட்டும் ராட்சசக் கண்ணாய்த் தெரிந்தது. "எவ?"

"அதான் கேக்குறேன், எவ?"

நான் பதறிப்போய்ச் சுவரைக் காட்டினேன். "இவதான் ஆன்ட்டி. வேற யாரும் இல்ல. அங்கிள் இந்தப் படத்ததான் பாக்க வர்றாரு."

ஆன்ட்டி வடைத் தட்டை என் கையில் திணித்துவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சக்களத்தியைப் பார்க்கிற பார்வை. முடியைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே துணி போதுமான அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் ரிசீவரைப் பிடித்திருந்த கைக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"ஏங்க, இவளுக்கு ஆறு வெரலு."

அங்கிள் எழுந்து போய் எண்ணினார். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். பூதக்கண்ணாடி இல்லாமல் எண்ணினார். தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலைச் சேர்க்காமலே ஐந்து சிவப்பு நகம். பேப்பரை, மையை, சட்டத்தை, ஆணியை எல்லாம் ஆராய்ந்த மனிதர், படத்தைப் பார்க்கவே இல்லை. நானும்தான். சிரிக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கையை எண்ணத் தோன்றவில்லை.

பிரபுவுக்குப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். அவர் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இப்டி ஒரு ஓவியம் எந்த மியூசியத்துலயும் இருக்கிற மாதிரி தெரியல. இது கம்ப்யூட்டர் தானா போட்ட படம். ஏஐ. அதுக்கு வெரல் கணக்கு அடிக்கடி தப்பும்."

"அப்போ ஒரிஜினலு எங்க இருக்கு?" என்று கேட்டார் அங்கிள்.

"ஒரிஜினலே கெடையாது அங்கிள்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "ஒரிஜினல் இல்லாம எப்டிப்பா டூப்ளிகேட்டு வரும்?" என்று கேட்டார். அங்கிள் என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டார், துள்ளப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு டூப்ளிகேட்டப் பாத்தா, ஒரிஜினலு எங்கியோ ஒரு எடத்துல பத்திரமா இருக்குன்னு ஒரு தைரியம் இருக்கும்மா" என்றார். காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அவர் பின்னாலேயே ஓடிய ஆன்ட்டி, வடையையும் கோபத்தையும் என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அங்கிள், ஆன்ட்டி, நான் மூன்று பேரும் படத்தோடு கடைக்குப் போனோம். கொண்டைத் தம்பி விரல்களை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

"இது... வரையுறவங்க இஷ்டம் சார், ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்."

"லைசென்ஸா? எட்றா, பாக்கலாம்."

சத்தம் கேட்டுக் கடைக்கார அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். கையைப் பார்த்தார். அவரும் எண்ணினார். படங்களை யாரோ ஒரு சப்ளையரிடம் மொத்தமாக வாங்கி அச்சடிக்கிறார்களாம். மியூசியத்துப் படங்களோடு இதுவும் கலந்து வந்திருக்கிறது. யாரும் எண்ணவில்லை. எங்கள் மனது புண்படாமல் மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நாங்கள் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஃபிலோமினா ஆன்ட்டிக்குக் கண் திறந்துவிட்டது. சுவர் சுவராகப் போய் எண்ண ஆரம்பித்தார்.

"ஏங்க, இந்த ஆளுக்கு ரெண்டும் இடது கை."

"ஏங்க, இந்தப் பூனைக்கு அஞ்சாவது காலு."

ஒவ்வொரு படமாகக் கடைக்கார அம்மாள் கீழே இறக்கினார். அங்கிள் பூதக்கண்ணாடியை வெளியில் எடுக்காமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் கண்கலங்கி நின்ற கொண்டைத் தம்பியின் பக்கம் மட்டும் ஒருமுறை போனார்.

"நீயும் நம்பித்தான வித்த?"

"ஆமா சார். சத்தியமா."

அங்கிள் அவர் தோளில் தட்டினார். அந்தச் சத்தியத்தை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு லேசாகப் பயம் வந்தது.

சுவர் மறுபடியும் வெள்ளையானது. நாலு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, அவர் எதற்கு வருவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டு, அதில் ஒன்றை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன். பிரபுகூட, "என்ன, உன் இன்ஸ்பெக்டர் வர்றதில்லையா?" என்று கேட்டார். குரலில் சந்தேகமில்லை, அக்கறைதான்.

ஒரு நாள் மாடிப்படியில் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. பால் பாக்கெட்ட வெளிச்சத்துல தூக்கிப் பாக்க மாட்டேங்கிறாரு. அப்டியே கொண்டாந்து குடுத்துடுறாரு. நேத்து பையன் போன் பண்ணான். 'சரிப்பா, ஒடம்பப் பாத்துக்கோ'ன்னு பேசிட்டு வெச்சுட்டாரு. ஒரு கேள்வி கேக்கல. அவன் ஒடனே எனக்குப் போன் போட்டு, 'அம்மா, பேசுனது அப்பாதானா?'ங்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆன்ட்டி கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் கதவைத் தட்டினேன். அங்கிள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை.

"அங்கிள், சுவருக்கு வேற ஒரு படம் பாத்து வெச்சிருக்கேன். பெரிய பிரஷர் குக்கர். அதே மாதிரி புள்ளி, அதே மாதிரி தடிச்ச கோடு. பிரேசர் டவுன்ல ஒரு கடையில."

"வாங்கிக்கோம்மா."

"ஒரிஜினல்லேருந்து எடுத்த காப்பியாம். வரைஞ்சவரும் இதே ஊர்ல இருக்காராம். வேணும்னா அவர் வீட்டுக்கே போயி ஒரிஜினலப் பாக்கலாமாம்."

அங்கிள் ஜன்னலிலிருந்து திரும்பினார். "இருக்காராமா? யாரு சொன்னது?"

"கடையில சொன்னாங்க."

"நீ பாத்தியா அந்த ஆள?"

"இல்ல அங்கிள். அதான் எனக்கு ஒரே சந்தேகமா இருக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். என்னையும் கவிழ்த்து அடியில் படித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு எழுந்தார். "ஃபிலோமினா, என் சட்டயக் கொண்டா. நீயும் கெளம்பு. குக்கருக்குக் கைப்பிடி எத்தினின்னு எண்ணணும்."

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போனோம். மீட்டர் சரிதானா என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டே வந்தார் அங்கிள்.

உண்மையில் அந்த ஓவியரை நான் முந்தின வாரமே பார்த்திருந்தேன். ஒரிஜினலையும் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தப் படத்தின் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. வீடுதான் நாலு மணிக்கு மேல் ரொம்ப அமைதியாக இருந்தது.